எட்டு உருப்படி, பத்து வேலை நாள்

என் தங்கை மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் உதவியாளர். வரும் முதல் தேதி சேர வேண்டும். போன சனிக்கிழமை மத்தியானம் கைத்தொலைபேசியும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். வேலைக்குப் போகும் பெண்ணிடம் கட்டாயம் இருக்க வேண்டிய 32 உடைகள் என்று யாரோ குளிர்தேசத்தில் போட்ட பட்டியல் அதில் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை படித்தேன். முழங்கால் வரை தொங்கும் குளிர்க்கோட்டு, கம்பளிக் கால்சட்டை, தோல் பூட்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது.

“இதுல நாலுகூட எங்கிட்ட இல்ல பெரியம்மா. அத்தனையும் வாங்கணும்னா மூணு மாசச் சம்பளம் போயிரும்,” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

“உட்காரு. தே கலக்குறேன். நிதானமாப் பேசலாம்,” என்றேன்.

புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்து நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் பேசி முடிக்க மூன்று கோப்பை ஆயிற்று. சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, தெலுக் இந்தான் பக்கத்துத் தாமான்களிலிருந்து முதல்முறையாக அலுவலக வேலைக்குப் புறப்படும் பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பேச்சு உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் அவளிடம் முதலில் கேட்டது உடையைப் பற்றி அல்ல. “திங்கட்கிழமை காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வீடு திரும்புற வரைக்கும் என்ன செய்வே, சொல்லு,” என்றேன். ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். அப்பா மோட்டாரில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவார். அங்கிருந்து மேடான் கிட் நிலையத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பிறகு பத்து நிமிட நடை. எட்டரை முதல் ஐந்தரை வரை குளிர்சாதன அறையில் உட்கார்ந்த வேலை. மாதத்தில் சில நாள் வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கோப்புகளை அலமாரியிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். சாயங்காலம் பெரும்பாலும் மழை. கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் வானம் கறுத்தால் அரை மணி நேரத்தில் கொட்டிவிடும்.

ஆக, அவள் உடை மோட்டாரில் ஏற வேண்டும், பஸ்ஸில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்க வேண்டும், வெயிலில் நடந்து குளிரில் உட்கார வேண்டும், நனைந்தால் மறுநாளைக்குள் காய வேண்டும். குளிர்க்கோட்டுப் பட்டியலுக்கும் இந்த நாளுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. அவர் அலுவலகத்தை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரராக இருந்தார். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருட்டோடு போவார். கொசுக்கடிக்காக அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் கைவிளிம்பில் இறுக்கமாக ஒரு நாடா தைத்திருப்பார், பால் உள்ளே வழியாமலிருக்க. இடுப்பில் கைலி, கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியது. அட்டைக்காகக் காலில் சுற்றிய துணி. தலையில் கட்டிய துண்டு, நெற்றி விளக்கின் பட்டை அழுத்தாமல் இருக்கவும் மயிரில் பால் ஒட்டாமல் இருக்கவும். ஈரமாக இருக்கும்போது ரப்பர் பாலை நீரில் அலசிவிடலாம். நூலுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால் அது ரப்பராகவே ஆகிவிடுகிறது, எந்தச் சவுக்காரமும் எடுக்காது. அந்தச் சட்டையின் மார்பும் கைகளும் கறுத்து விறைத்து, சுவரில் சாய்த்து வைத்தால் நிற்கும். நாற்றத்துக்காக அதை லயத்து வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார். தாழ்வாரத்து ஆணிதான் அதற்கு இடம்.

வீட்டுக்குள் தகரப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த இரண்டு நூல் சேலைகள் உண்டு. ஒன்று கோயிலுக்கு, ஒன்று சம்பள நாளுக்கும் ஆஸ்பத்திரிக்கும். சம்பள நாளில் துணிக்காரர் தவணைக்குக் கொடுப்பதாகச் சொல்லி எத்தனை சேலையை விரித்தாலும் அம்மா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இத எங்க கட்டிட்டுப் போறது?” பதில் இல்லையென்றால் வாங்கமாட்டார். காரணமில்லாத துணி எங்கள் வீட்டில் இருந்ததில்லை. போருக்கு முந்திய நாளில் தோட்டத்து ஆணுக்கு நாட்கூலி 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த காலத்தைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். கடையில் எந்தத் துணியைத் தொட்டாலும் அம்மாவின் அந்தக் கேள்வியையே கேட்கும்படி தங்கை மகளிடம் சொன்னேன்.

இரண்டாவது கோப்பையோடு கணக்கைத் தொடங்கினோம். இரண்டு கால்சட்டை, நான்கு மேல்சட்டை, இரண்டு பாஜு குருங். மொத்தம் எட்டு உருப்படி, பாஜு குருங்கை ஒரு செட்டு ஒரு உருப்படியாக எண்ணினால். ஒவ்வொரு கால்சட்டையோடும் நான்கு மேல்சட்டையும் சேர்ந்து போகும் என்றால் எட்டு நாளைக்கு எட்டு விதமாகப் போகலாம். பாஜு குருங் இரண்டு நாள். ஆகப் பத்து வேலை நாள், முழுசாக இரண்டு வாரம், ஒரு நாள் போட்டமாதிரி இன்னொரு நாள் இருக்காது. இதில் ஒரே ஒரு நிபந்தனை: நான்கு மேல்சட்டையில் ஒன்றுகூட ஏதாவது ஒரு கால்சட்டையோடு சேராமல் போகக்கூடாது. சேராத ஒன்றை ஆசைக்கு வாங்கினால் அதற்குச் சேர்வதைத் தேடி இன்னொன்று வாங்க வேண்டிவரும். அலமாரி நிறைய துணி இருந்தும் காலையில் போட ஒன்றுமில்லை என்று பெண்கள் நிற்பது இதனால்தான்.

அதற்காகத்தான் கால்சட்டை இரண்டும் கறுப்பு, கருநீலம் என்று இருக்கட்டும் என்றேன். அவை அடித்தளம். முகத்துக்குப் பக்கத்தில் வரும் மேல்சட்டையில் நிறத்தை வைத்துக்கொள்ளலாம். அப்போது அவள் தயங்கியபடி, “எனக்குப் பளிச்சுன்னு இருக்குற நிறம் எடுக்காதுன்னு அம்மா சொல்லுவாங்க பெரியம்மா,” என்றாள். இந்தப் பேச்சு என் காதில் விழுந்து ஐம்பது வருஷமாகிறது. நம் வீட்டுப் பெரியவர்களும் கடைக்காரர்களும் கறுத்த பெண்ணைப் பார்த்து வெளிர் நிறத்தை எடுத்துப் போடுவதும், அவள் கை வைத்த மஞ்சளைத் திரும்ப மடித்து வைப்பதும் நிற்க வேண்டும். மாம்பழ மஞ்சள், செங்கல் சிவப்பு, மயில்கழுத்துப் பச்சை, தந்த வெள்ளை எல்லாம் நம் தோலில் எவ்வளவு அழகாக நிற்கின்றன என்பதைக் கோயில் திருவிழாவில் பார்க்கிறோம், ஆனால் அலுவலகத்துக்கு மட்டும் சாம்பலைத் தேடுகிறோம். சோதிக்க வழி எளிது. கடையின் குழல்விளக்குக்குக் கீழே முடிவு பண்ணாமல், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடி பார்க்க வேண்டும். முகம் தெளிந்து தெரிந்தால் அது உனக்குரிய நிறம். அவ்வளவுதான்.

பாஜு குருங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதைவிட உபகாரமான உடை இல்லை என்பது என் முடிவு. மலாய்க்காரர் உடை என்றாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை முதல் வங்கி அதிகாரி வரை நம் பெண்கள் தலைமுறையாக அணிந்து அது நம்முடையதாகவும் ஆகிவிட்டது. நேர்முகத் தேர்வு, அரசாங்க அலுவலகம், திறப்பு விழா, துக்க வீடு என்று எங்கேயும் தலைநிமிர்ந்து போகலாம். எடை ஏறி இறங்கினாலும் இரண்டு வருஷத்துக்குப் பொருந்தாமல் போகாது.

ஆனால் எந்தப் பாஜு குருங் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் அலமாரியிலிருந்து இரண்டை எடுத்துவந்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஒன்று பழைய முறையில் தைத்தது. உடம்புத் துண்டுக்குத் தோளில் தையலே கிடையாது, முன்னும் பின்னும் ஒரே துணி. பக்கவாட்டில் பெசாக் என்னும் கூம்புத் துண்டுகள். அக்குளில் கெக்கெக் என்று ஒரு சின்னச் சதுரத் துண்டு, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்தச் சதுரம் கையைத் தூக்கும்போது விரிந்துகொடுக்கும், சட்டை மேலே ஏறாது, தையல் இழுக்காது. இன்னொன்று ‘குருங் மோடன்’. இடுப்பு பிடித்து, முதுகில் ஸிப்பு வைத்து, கையைச் சாதாரணச் சட்டைமாதிரி வெட்டித் தைத்தது. பார்க்க ஒயிலாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பஸ் கம்பியைப் பிடித்தால் முழுச் சட்டையும் நான்கு விரல்கடை மேலே வரும், அக்குள் தையல் ஆறு மாதத்தில் பிரியும். அவள் இரண்டையும் மாட்டிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், அலமாரி உச்சியைத் தொட்டாள். நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாவாடையும் அப்படித்தான். கீழே குறுகி மீன்வால்போல வரும் ‘டுயோங்’ வெட்டு கல்யாணத்துக்கு நன்றாக இருக்கும். பஸ் படி ஏறவும் மோட்டாரில் உட்காரவும் ஆகாது. பக்க மடிப்பு வைத்த கைன் தைத்துக்கொண்டால் நடையும் வரும், மரியாதையும் இருக்கும். 45 அங்குல அகலத் துணியில் நான்கு மீட்டர் எடுத்தால் ஒரு செட்டு தைக்கலாம். ஆயத்த உடையாக வாங்குவதென்றால் நோன்புப் பெருநாள் முடிந்த வாரங்களில் போனால் மீதிச் சரக்கை மலிவாகக் கொடுப்பார்கள்.

கால்சட்டை என்றதும் தங்கை வீட்டில் ஒரு சங்கடம் எழுந்ததாம். “பொம்பளப் பிள்ளைக்குச் சிலுவார் எதுக்கு?” என்று பாட்டி முறையுள்ள ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அவளுக்கு ஈப்போவின் ஒரு மகளைப் பற்றிச் சொன்னேன். ராசம்மா பூபாலன் 1927ல் ஈப்போவில் பிறந்தவர். 1943ல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது அக்காவோடு போய்ச் சேர்ந்தார், வயது பதினாறு. கேப்டன் லட்சுமியின் தலைமையில் காக்கிக் கால்சட்டையும் சட்டையும் அணிந்து துப்பாக்கி பிடித்துப் பயிற்சி எடுத்தவர்களில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். வாழ்நாளில் பாவாடையும் சேலையும் தவிர வேறு அறியாத பிள்ளைகள் அவர்கள். போர் முடிந்தபின் ராசம்மா ஆசிரியையானார். 1960ல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். 1969ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று என் தங்கை மகளும் அவள் பக்கத்து மேசைப் பையனும் ஒரே சம்பளம் வாங்குவதை இயல்பாக நினைக்கிறோம். தோட்டத்துப் பெண் 80 வருஷத்துக்கு முன்பே கால்சட்டை போட்டுவிட்டாள் என்று அந்தப் பாட்டியிடம் சொல்லச் சொன்னேன்.

இனித் துணி. சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். சீட்டில்லாத வெட்டுத்துணியை லிட்டில் இந்தியாக் கடைகளில் வாங்கும்போது என்ன செய்வது? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவுதொட்டியின் மேல் பிடித்து நெருப்பு வைத்துப் பார்க்கலாம். நான் இரண்டு நூலை எரித்துக் காட்டினேன். பருத்தி நூல் காகிதம்போல எரிந்து, காகித மணத்தோடு, தொட்டால் உதிரும் சாம்பலானது. பாலியெஸ்டர் நூல் சுருண்டு உருகி, நுனியில் கடுகளவு கெட்டி மணி ஒன்று நின்றது. ஆறியபின் அவள் அதை நகத்தால் நசுக்கப் பார்த்தாள், முடியவில்லை. “இந்த மணியத்தான் நீ வெயில்ல மேல போட்டுட்டு நடக்கப் போறே,” என்றேன்.

முழுப் பாலியெஸ்டர் வியர்வையைக் குடிக்காது, நாற்றத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுப் பருத்தி உடம்புக்கு நல்லது, ஆனால் பஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு மடிப்பாக இருக்கும். எனவே மேல்சட்டை பருத்தியிலோ விஸ்கோஸிலோ இருக்கட்டும், கால்சட்டைக்குப் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி நல்லது. வாங்குமுன் ஒரு மூலையைக் கையில் கசக்கிப் பத்து எண்ணிவிட்டு விட்டால் சுருக்கம் நிற்குமா போகுமா என்று தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரல் எண்ணத் தெரிந்தால் உள்ளே இன்னொன்று போட வேண்டிவரும், நம் ஊர்ச் சூட்டுக்கு அது வேண்டாத சுமை.

அளவுதான் விலையைவிட முக்கியம். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும், காரணம் உண்டு. 80களின் நடுவில் எஸ்.பி.எம். முடித்து ஒரு நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். உடுத்த ஒன்றுமில்லை. தோட்டத்துக் கிராணியின் மனைவி, நாங்கள் கிராணியம்மா என்போம், தன் இளநீல பாஜு குருங்கைக் கொடுத்தார். அவர் என்னைவிட உயரம். பாவாடையின் அடியை ஊசியால் குத்தி மடித்துக்கொண்டு போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது இரண்டு ஊசி கழன்றிருந்தது. காலில் ரப்பர் சிலிப்பர். கேள்வி கேட்ட அதிகாரி என் சான்றிதழைப் பார்த்ததைவிட என் காலைப் பார்த்தது அதிகம். வேலை கிடைக்கவில்லை. அன்று இரவு கிராணியம்மா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தப் பாவாடையின் அடியை அளவெடுத்து வெட்டி, கையாலேயே ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டார். “இனிமே இது உன்னோடது, திருப்பித் தராதே,” என்றார். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து அம்மா கறுப்புச் செருப்பு வாங்கித் தந்தார். அடுத்த நேர்முகத் தேர்வில் வேலை கிடைத்தது. 32 வருஷம் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். அதிகாரி செய்தது தவறுதான். ஆனால் சரியாகப் பொருந்திய உடையில் உட்கார்ந்திருந்த இரண்டாவது முறை, என் கவனம் முழுவதும் கேள்வியில் இருந்தது. கழன்ற ஊசியைப் பாதத்தால் மறைத்துக்கொண்டு யாராலும் யோசித்துப் பதில் சொல்ல முடியாது.

ஆகவே, பொருத்தத்தை இப்படிப் பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். மற்றதையெல்லாம் தையல்காரம்மா சரிசெய்துவிடுவார், தோளை மாற்றுவது பெரிய வேலை, கூலியும் அதிகம். கடையின் உடைமாற்றும் அறையில் நின்று பார்த்தால் போதாது. உட்காருங்கள், குனியுங்கள், கையைத் தூக்குங்கள். மேல்சட்டையின் மார்புப் பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தால் அந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தால் போதும். உட்பக்கத்தைத் திருப்பித் தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அரை அங்குலம் இருந்தால் பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம், ஓவர்லாக் மட்டும் ஓட்டி விளிம்போடு வெட்டியிருந்தால் முடியாது. கால்சட்டைக்கு அடி மடிக்கக் கொடுக்கும்போது வேலைக்குப் போடும் செருப்பையும் தையல்காரம்மாவிடம் கொண்டுபோக வேண்டும். பலர் வீட்டுச் சிலிப்பரோடு அளவு கொடுத்துவிட்டு வந்து வருந்துகிறார்கள்.

செருப்பு மூடியதாக, ஒரு அங்குலக் குதிகாலோடு, கறுப்பில் ஒரு ஜோடி. சாயங்காலம் போய் வாங்க வேண்டும், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் பொருந்தினால்தான் நாள் முழுக்கப் பொருந்தும். மழை நாளில் ஜப்பான் சிலிப்பரோடு பஸ் ஏறி, அலுவலக வாசலில் மாற்றிக்கொள்ளலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

குளிர்சாதன அறைக்கு ஒரு மேலங்கி வேண்டும். அதைப் புதிதாக வாங்க வேண்டாம் என்றேன். பண்டில் என்னும் பழந்துணிக் கடைகளில் ஜப்பானிலிருந்து வரும் மேலங்கிகள் நல்ல தையலோடு கிடைக்கின்றன. அக்குள் லைனிங் கிழிந்திருக்கிறதா, தோளில் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து எடுத்து, வெந்நீரில் துவைத்தோ, வெந்நீர் தாங்காத துணியென்றால் உலர்சலவைக்குக் கொடுத்தோ போட்டுக்கொண்டால் பத்து வருஷம் வரும். பழைய துணி என்று வெட்கப்பட்டாள். வேலை செய்து வாங்கிய காசில் வாங்கும் எதிலும் வெட்கத்துக்கு இடமில்லை என்று சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

பஞ்சாபி சூட் அவளிடம் தீபாவளிக்கு வாங்கியவை மூன்று இருக்கின்றன. மணியும் சமிக்கியும் இல்லாத ஒன்றை எட்டு உருப்படியோடு சேர்த்துக்கொள்ளலாம். ஷாலை மட்டும் கவனிக்க வேண்டும். மோட்டாரில் பின்னால் உட்காரும்போது அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தோடு இழுத்துவிடும், சேலை முந்தானையும் அப்படியே. அலுவலகத்துக்கு வந்தபின் எடுத்துப் போட்டுக்கொண்டால் போதும்.

அரசாங்க வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஒன்று கூடுதல். வியாழக்கிழமை பாத்தேக் அணிவது அங்கே நடைமுறை. அச்சுப் பாத்தேக்கில் ஒரு பாஜு குருங் தைத்தால் அந்த நாள் கழிந்தது. சட்டம் படித்து வழக்கறிஞராகப் பயிற்சிக்குப் போகும் பெண்ணென்றால் கணக்கே வேறு, அவர்களுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான், மேலங்கிக்கு நல்ல பணம் ஒதுக்க வேண்டும்.

பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா என்று மெதுவாகக் கேட்டாள். தாராளமாக. மூக்குத்தியும் இருக்கட்டும். மல்லிகையை மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மூடிய குளிரறையில் அதன் வாசம் சிலருக்குத் தலைவலி கொடுக்கும்.

மூன்றாவது கோப்பையில் பணம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி போகும். சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோவும் போய்க் கையில் 1,500 வெள்ளி அளவில் நிற்கும். பஸ், சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் இதில்தான். ஆகவே எட்டையும் ஒரே மாதத்தில் வாங்கக்கூடாது. முதல் நாளுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கால்சட்டை, இரண்டு மேல்சட்டை, ஒரு பாஜு குருங், செருப்பு. மற்றவை மாதம் ஒன்றாக வரட்டும். 40 வெள்ளிச் சட்டை பத்துத் துவைப்பில் உருமாறிப்போனால் ஒரு நாளைக்கு 4 வெள்ளி ஆகிறது. 120 வெள்ளிக் கால்சட்டையை வாரம் இரண்டு முறை ஒரு வருஷம் போட்டால் ஏறக்குறைய நூறு நாள், நாளைக்கு 1 வெள்ளி 20 காசு. கால்சட்டைக்கும் செருப்புக்கும் கூடக் கொடுக்கலாம், மேல்சட்டைக்குக் குறைக்கலாம். கைத்தொலைபேசியில் இப்போது வாங்கிப் பிறகு கட்டு என்று கூப்பிடுகிறார்களே, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தவணைத் துணிக்காரரிடம் சேலை எடுத்துவிட்டு ஒவ்வொரு சம்பள நாளிலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளை எங்கள் லயத்திலேயே பார்த்திருக்கிறேன்.

இருப்பதைக் காப்பாற்றுவதும் சம்பாத்தியம்தான். நம் ஈரக் காற்றில் மூடிய அலமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். போட்ட துணியை உடனே உள்ளே தொங்கவிடாமல் ஒரு ராத்திரி வெளியே காற்றாட விடுங்கள். கறுப்பையும் கருநீலத்தையும் உள்பக்கம் திருப்பி நிழலில் காயப்போட்டால் வெளுக்காது. ஞாயிறு மாலை ஐந்து நாளைக்கும் சேர்த்து இஸ்திரி போட்டுவிட்டால், திங்கள் காலை ஆறு மணிக்கு யோசிக்க ஒன்றுமிருக்காது.

அவள் புறப்படும்போது என் அலமாரியைத் திறந்தேன். தோள் அளவு பொருந்திய இரண்டு பாஜு குருங்கையும் ஒரு கறுப்பு மேலங்கியையும் எடுத்து வைத்தேன். பிறகு அவளோடு புந்தோங் தையல்காரம்மா வீட்டுக்குப் போய், அளவு கொடுத்து, கூலியையும் நானே கட்டிவிட்டு வந்தேன். கூலியைச் சேர்த்துக் கொடுப்பது அவசியம். பெரிதாக இருக்கும் துணியைச் சும்மா கொடுத்தால் அந்தப் பெண் ஊசி குத்திக்கொண்டுதான் போவாள்.

ஓய்வு பெற்ற ஆசிரியைகளே, தாதியரே, கிராணிகளே, வங்கியில் இருந்தவர்களே, உங்கள் அலமாரியிலும் இனி நீங்கள் உடுத்தப்போகாத நல்ல துணி தொங்குகிறது. தோட்டம் செம்பனையாகி, லயங்கள் போய், நாம் தாமான்களில் சிதறிவிட்டோம். ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்தால் கிராணியம்மாவுக்குத் தானாகத் தெரிந்த காலம் இப்போது இல்லை. பக்கத்து வீட்டில், கோயிலில், பிள்ளைகளின் பழைய பள்ளியில் விசாரித்து வையுங்கள். என்னிடம் இன்னும் ஐந்து பாஜு குருங் இருக்கின்றன. தோள் பதினைந்து அங்குலம், கைன் நீளம் முப்பத்தெட்டு. பொருந்துகிற பெண் யாராவது வேலைக்குச் சேர்ந்தால் சொல்லியனுப்புங்கள்.